வன்னி மர நிழலில் எல்லைக் காவல்

ராஜஸ்தானத்தின் மேற்குக் கோடியிலுள்ள ஜெய்சல்மேர் ஜில்லா, பரப்பளவில் ஏறக்குறையக் கேரள மாநிலம் முழுவதற்கும் சமமானது. 38,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் அந்தப் பிரதேசத்தில், 2011-ஆம் ஆண்டு ஜனக் கணக்கெடுப்பின்படி, சதுர கிலோமீட்டருக்கு 17 பேர் வீதம் வசிக்கிறார்கள். தமிழ்நாட்டிலோ அதே அளவு நிலத்தில் 555 பேர் வசிக்கிறார்கள். வருஷம் முழுவதும் பெய்யும் மழையைத் திரட்டி அளந்தாலும் சராசரியாக 20 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. ரயிலில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஜன்னல் வழியே சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லாத பூமி என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். எல்லைப் பாதுகாப்புப் படையில் சேர்ந்து, வாலிபத்தின் பெரும்பகுதியை அந்த மணலிலேயே கழித்துவிட்டு, இப்போது கருவேப்பிலங்குறிச்சியில் பென்ஷன் வாங்கிக்கொண்டு காலந்தள்ளும் எனக்கு அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மனசுக்கு வருத்தமாக இருக்கிறது. எல்லையைக் காத்தவர்கள் என்று தேசம் எங்களைக் கொண்டாடுகிறது. அந்த எல்லையில் எங்களைக் காத்தவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர் ஊறும் இடம் எது, காற்று திரும்பும் வேளை எது, மணலில் பதிந்திருக்கும் அடி எப்போது பதிந்தது என்பவற்றையெல்லாம் பொறுமையோடு சொல்லிக்கொடுத்து எங்களை உயிரோடு ஊருக்கு அனுப்பிவைத்தவர்கள், அந்நிலத்தின் ஆட்டிடையர்களும் ஒட்டகம் மேய்ப்பவர்களும் கிணறு வெட்டுபவர்களுமே. அவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடனைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளாற்றிலிருந்து தார்ப் பாலைக்கு

விருத்தாசலத்துக்குத் தெற்கே, வெள்ளாற்றுப் பிரதேசத்தில் இருக்கிறது எங்கள் ஊர். செம்மண் மேட்டில் முந்திரி, பள்ளத்தில் நெல்லும் கரும்பும், மானாவாரிக் கொல்லையில் கம்பும் மல்லாட்டையும் என்று வாழ்கிற ஜனங்கள். எழுத்துப் படித்த பிள்ளைகளுக்கு விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையோ நெய்வேலிச் சுரங்கமோ புகலிடமாக இருந்த அந்தக் காலத்தில், எங்கள் குடும்பத்து நிலம் தமையன்மாருக்கே போதாதென்பதாலும், காக்கி உடுப்பின்மீது எனக்கு இருந்த மோகத்தாலும், 1970-களின் பிற்பகுதியில் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவுடன் போய் வரிசையில் நின்றேன்.

பயிற்சி முடிந்து ராஜஸ்தானத்துக்கு உத்தரவு வந்தபோது, விருத்தாசலம் ஜங்ஷனில் மீட்டர் கேஜ் வண்டி ஏறி எழும்பூர் போய், சென்ட்ரலில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் பிடித்து, டில்லியில் இறங்கி, அங்கிருந்து ஜோத்பூர் வழியாக ஜெய்சல்மேரை அடைந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு நாகபுரி தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. வண்டி மேற்கே போகப் போக மரங்கள் குட்டையாகி, குடிசைகள் ஒன்றுக்கொன்று தூரமாகி, கடைசியில் 1156-ஆம் ஆண்டு ராவல் ஜைசல் என்ற அரசன் அஸ்திவாரமிட்ட மஞ்சள் கல் கோட்டை ஒரு குன்றின்மேல் தென்பட்டது. அதற்கப்புறம் ரயில் பாதை கிடையாது. படையின் லாரியில் ராம்கட் என்ற சிற்றூருக்கும், அங்கிருந்து தனோட்டுக்கும் கொண்டுபோனார்கள். ஜெய்சல்மேரிலிருந்து 120 கிலோமீட்டர் இருக்கும். அதற்கும் அப்பால், மணல்மேடுகளுக்கு நடுவே, மண்மூட்டை அடுக்கிய சுவர்களும் ஒரு கண்காணிப்புக் கோபுரமும் லங்கர் என்று நாங்கள் அழைத்த சமையற்கொட்டகையும் ஒட்டகக் கொட்டிலுமாக நின்றது எங்கள் போஸ்ட்.

எங்கள் படைக்கு அப்போது வயது அதிகமில்லை. பாகிஸ்தானோடு உள்ள எல்லையை 1965 வரையில் அந்தந்த மாநிலப் போலீஸாரே காத்துவந்தார்கள். அவ்வருஷம் ஏப்ரல் மாதம் கட்ச் ரண்ணில் சர்தார் போஸ்ட் தாக்கப்பட்டதும், மாநிலப் போலீஸால் மட்டும் இந்தப் பாரத்தைச் சுமக்க இயலாது என்பது அரசாங்கத்துக்குத் தெளிவாயிற்று. அதே வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி, கே.எப். ருஸ்தம்ஜியின் தலைமையில் எல்லைப் பாதுகாப்புப் படை ஸ்தாபிக்கப்பட்டது. ராஜஸ்தானத்தில் மாத்திரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட எல்லை அதன் பொறுப்பில் வந்தது. நான் போய்ச் சேர்ந்த காலத்தில் அங்கே முள்வேலியும் இல்லை, இரவைப் பகலாக்கும் விளக்குகளும் இல்லை. எல்லைக்கல் ஒன்று இங்கே நிற்கும், அடுத்தது தூரத்தில் ஒரு மேட்டின்மேல் நிற்கும், இடையில் மணல்தான்.

கோடையில் ‘லூ’ என்ற அனற்காற்று வீசத் தொடங்கினால் பகலில் வெளியே தலைகாட்டுவது தண்டனையாகிவிடும். 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி, இதே பாலையைச் சேர்ந்த பலோடியில் 51 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. இந்தியாவில் இதுவரை பதிவான வெப்பத்தில் அதுவே உச்சம். ஜவான்கள் மணலில் அப்பளம் சுட்டுக் காட்டும் படங்களைப் பத்திரிகைகளில் பலரும் பார்த்திருப்பார்கள்; அதில் மிகை ஏதுமில்லை. ‘ஆந்தி’ என்ற மணற்புயல் கிளம்பும் நாள்களில் ஆகாயம் செம்மஞ்சளாக மாறி, ரொட்டிமாவிலும் காதிலும் துப்பாக்கியின் போல்ட்டிலும் மணல் ஏறிவிடும். துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மார்கழி, தை மாதங்களிலோ, அதே மணல் இரவில் பனிக்கட்டிபோல் குளிர்ந்துவிட, நாகா என்ற இரவுக் காவலில் இரண்டு கம்பளிகளும் போதா.

மூன்று விதத் தண்ணீர்

போஸ்டுக்குத் தண்ணீர், டாங்கர் லாரியில் வந்தது. ஒவ்வொருவனுக்கும் இவ்வளவு என்று அளந்துதான் கொடுப்பார்கள். பக்கத்தில் தோண்டிய கிணற்றில் ஊறியது உவர்நீர். சோப்பு அதில் நுரைக்காது, பருப்பு வேகாது. ஆற்றில் முங்கிக் குளித்து வளர்ந்த எனக்கு, ஒரு குவளைத் தண்ணீரில் முகமும் கையும் கழுவிவிட்டு, அந்தக் கழுநீரையும் வீணாக்காமல் ஒரு செடிக்கு ஊற்றுவது முதலில் பெரும் துக்கமாக இருந்தது.

புயலினால் பாதை மூடிப்போய் டாங்கர் வராத சமயம் ஒன்றில், சில மைல் தூரத்திலிருந்த ஒரு ‘டாணி’க்கு எங்களை அனுப்பினார்கள். நாலைந்து வட்டக் குடிசைகள் சேர்ந்த குடியிருப்பை அங்கே டாணி என்கிறார்கள். அங்கே இருந்த கிழவர் ஒருவர், மணலில் ஒரு பலகை மூடியைத் திறந்து, ஓர் ஆள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு இறங்கக்கூடிய அளவே அகலமுள்ள ஒரு குழியிலிருந்து, சிறு தோல்வாளியில் தெளிந்த நீரை எடுத்து எங்கள் தோண்டிகளில் ஊற்றினார். அதைக் குடித்துப் பார்த்தால் இளநீர்போல் இனித்தது. சுற்றிலும் உவர்நீர் ஊறும் பூமியில் இந்த நன்னீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, கிழவர் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் கோடு கிழித்து விளக்கினார்.

அந்தப் பகுதிகளில் மணலுக்கு அடியில், சில இடங்களில், ஜிப்சமும் களியும் கலந்த ஒரு கெட்டியான படுகை உண்டு. பெய்கிற கொஞ்ச மழையும் மணலுக்குள் இறங்கி, அந்தப் படுகையைத் தாண்டிக் கீழேயுள்ள உவர்நீரோடு கலக்க முடியாமல், ஈரமாகவே மேலே தங்கிவிடுகிறது. அந்த இடம் பார்த்து ஒடுக்கமான குழி தோண்டினால், ஈரம் துளித்துளியாகக் கசிந்து ஒரு நாளைக்குச் சில குடங்கள் சேரும். இதைப் ‘பேரி’ என்றும் ‘கூயி’ என்றும் சொல்கிறார்கள். வாய் அகன்றிருந்தால் வெயிலும் காற்றும் நீரைக் குடித்துவிடும். ஆகையால்தான் அத்தனை ஒடுக்கமும், மேலே மூடியும். தரையின்மேல் ஓடும் மழைநீர், படுகையின்மேல் ஈரமாகத் தங்கும் நீர், பாதாளத்து நீர் என்று தண்ணீரை அவர்கள் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி உபயோகம். 1995-இல் அனுபம் மிஸ்ரா என்ற பெரியவர் ராஜஸ்தானத்தின் நீர்மரபுகளைப் பற்றி ஹிந்தியில் எழுதிய நூலில் இந்த விவரங்களை அழகாகத் தொகுத்திருக்கிறார்; ஓய்வு பெற்ற பிறகு அதைப் படித்தபோது, கிழவர் மணலில் கிழித்த கோடுகளே மறுபடியும் என் கண்முன் வந்தன.

‘கடீன்’ என்ற மற்றோர் ஏற்பாட்டையும் அங்கே கண்டேன். கல்லாங்கட்டான மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரைத் தாழ்வான பக்கத்தில் நீண்ட மண்கரை போட்டு நிறுத்துகிறார்கள். நீர் நிலத்துக்குள் இறங்கி வடிந்தபின், கரைக்கு உட்புறமே உழுது, அந்த ஈரத்தைக் கொண்டே கோதுமையும் கடலையும் விளைவிக்கிறார்கள். 15-ஆம் நூற்றாண்டிலிருந்து பாலிவால் பிராமணர்கள் இந்த முறையை அங்கே வளர்த்தார்கள் என்று கூறுவார்கள். நம் பக்கத்தில் ஏரியில் நீரைத் தேக்கி வெளியே இருக்கும் வயலுக்குப் பாய்ச்சுகிறோம். அவர்களோ ஏரியையே வயலாக்கி, இருபது சென்டிமீட்டர் மழையில் கோதுமை விளைவித்து உண்டார்கள். நெய் சிந்தினாலும் நஷ்டமில்லை, தண்ணீர் சிந்தினால் உயிரே வேகும் என்பது அவ்வூர்ப் பழமொழி. அப்படிப்பட்டவர்கள், தம் ஆடுகளுக்கு வைத்திருந்த நீரைப் பேர் தெரியாத காக்கி உடுப்புக்காரர்களுக்கு முகம் கோணாமல் ஊற்றினார்கள் என்பதை நான் எப்படி மறப்பேன்?

மணலில் எழுதிய கையெழுத்து

எல்லைக் காவலில் முக்கியமான வேலை, காலையில் எழுந்தவுடன் மணலைப் பார்ப்பது. முதல் நாள் மாலை மரக்கட்டையோ முள்கிளையோ கட்டி இழுத்துச் சமப்படுத்தி வைத்திருக்கும் மணற்பட்டையில், இரவில் யாராவது கடந்திருந்தால் அடி தெரியும். இந்தத் தடம் பார்க்கும் காரியத்தைக் ‘குரா’ பார்ப்பது என்பார்கள். ஆனால் அடி தெரிவது வேறு, அதைப் படிப்பது வேறு. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ‘பகி’ என்று அழைக்கப்பட்ட உள்ளூர்த் தடங்காண்போர்.

என்னுடன் வந்த ஒரு பகி, ஒட்டகத்தின் கால்தடம் ஒன்றைப் பார்த்துவிட்டு, இது பாரம் சுமந்த ஒட்டகம், இடது முன்காலில் நோவு, நேற்று இருட்டுவதற்கு முன்னே போயிருக்கிறது என்று சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தடத்தின் ஆழம் பாரத்தைச் சொல்கிறது. ஒரு கால் மட்டும் லேசாகப் பதிந்திருப்பது நோவைச் சொல்கிறது. இரவில் மாத்திரம் வெளிவரும் வண்டுகள் தடத்தின் குறுக்கே ஊர்ந்து கோடு போட்டிருப்பது வேளையைச் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் அவர். ஆனால் அத்தனை நுட்பமான ஓர் ஆசிரியரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இந்த வித்தையில் புகழ்பெற்றவர் குஜராத்தின் பனாஸ்காண்டா ஜில்லாவில் வாழ்ந்த ரண்சோட்தாஸ் பகி. ஆடு, ஒட்டகம் மேய்க்கும் ரபாரி சமூகத்தைச் சேர்ந்த அவர், 1965, 1971 ஆகிய இரு யுத்தங்களிலும் கட்ச் ரண்ணின் சதுப்பிலும் மணலிலும் நம் ராணுவத்துக்கு வழிகாட்டியாக இருந்தார். பீல்டு மார்ஷல் மானெக்ஷா அவரிடம் பெருமதிப்பு வைத்திருந்தார். 2013-இல் காலமான அந்த முதியவரின் பெயரை எங்கள் படை ஓர் எல்லைச் சாவடிக்கு இட்டிருக்கிறது. இவ்வாறு பெயர் நிலைபெற்றவர் அவர் ஒருவர்; பெயர் தெரியாமலே மறைந்த பகிகள் எத்தனையோ பேர்.

தடங்களோடு ஜீவராசிகளைப் பற்றியும் அவர்கள் எங்களுக்குப் போதித்தார்கள். ‘பீவணா’ என்ற பாம்பு இரவில் வந்து, தூங்குகிறவன் மார்பில் ஏறி அவன் மூச்சை உறிஞ்சிவிடும் என்பது அங்கே ஒரு நம்பிக்கை. கட்டுவிரியன் இனத்துப் பாம்பு தூக்கத்தில் கடித்தால் வலியே தெரியாது, காலையில் மூச்சுத் திணறி மனிதன் மடிவான் என்ற உண்மையிலிருந்து அந்நம்பிக்கை பிறந்திருக்க வேண்டும். காரணத்தை அவர்கள் எப்படிச் சொன்னாலும், தரையில் படுக்காதே, கட்டிலில் படு, உதறாமல் காலணியை மாட்டாதே என்று அவர்கள் விதித்த பத்தியம் எங்களில் பலரைக் காப்பாற்றியது.

ஒரு சமயம் மூவர் ஒட்டகங்களோடு ரோந்து போயிருந்தபோது ஆந்தியில் அகப்பட்டோம். கண்ணெதிரே கையை நீட்டினால் கை தெரியவில்லை. புயல் ஓய்ந்ததும் பார்த்தால், வந்த தடம் அழிந்து, பழகிய மேடுகளும் உருமாறி, எந்தத் திசையில் போஸ்ட் இருக்கிறது என்று நிதானிக்க முடியாமல் போயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டோமோ என்ற பயம் வேறு. அந்த வேளையில், வழி தப்பினால் நீ நடத்தாதே, ஒட்டகத்தின் கயிற்றைத் தளர்த்திவிடு, அது தண்ணீருக்குப் போகும் என்று பேரிக் கிழவர் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. கயிற்றைத் தளர்த்தினோம். பொழுது சாயும் நேரத்துக்கு ஒட்டகங்கள் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது அந்தக் கிழவரின் டாணியில்தான். நாங்கள் அவரைப் ‘பாபா’ என்போம், அவர் எங்களைப் ‘பேட்டா’ என்பார். அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகளைக் கூப்பிட்டு ‘ராப்’ கொண்டுவரச் சொன்னார்.

வன்னியும் கம்பங்கூழும்

அந்த ராப் என்பது கம்புமாவை மோரில் கரைத்துக் காய்ச்சிய கூழ். முதல் வாய் குடித்தவுடன் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊரில் மண்பானையில் புளித்த கம்பங்கூழுக்கு மோர் ஊற்றிக் கொடுப்பார்களே, அதே ருசி. இரண்டாயிரம் மைலுக்கப்பால் பாஷை தெரியாத தேசத்துக்கு வந்துவிட்டோம் என்று நான் மறுகிக்கொண்டிருந்த காலம் அதோடு முடிந்தது.

கூழுக்குத் தொட்டுக்கொள்ள, உலர்த்திய நெற்றுகளை மிளகாயோடு வதக்கி வைத்தார்கள். அது எந்த மரத்தின் காய் என்று கேட்டதற்கு வெளியே நின்ற மரத்தைக் காட்டினார்கள். சிறு முள், சீரான சிற்றிலை, கரடுமுரடான பட்டை. அருகே போய்ப் பார்த்தபோது திகைத்துப்போனேன். அது வன்னி! விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயிலின் ஸ்தல விருட்சமாக நின்று, நாங்கள் சிறுவயதில் வலம்வந்து வணங்கிய அதே வன்னி. ராஜஸ்தானத்தில் அதைக் கேஜ்ரி என்கிறார்கள். 1983 முதல் அம்மாநிலத்தின் மாநில மரமும் அதுவே. அதன் நெற்று மனிதனுக்குக் கறி, தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி, நிழல் வழிப்போக்கனுக்கு, உதிர்ந்த இலை கம்புப் பயிருக்கு எரு. வேர் ஆழத்தில் நீர் தேடுவதால், எல்லாம் கருகும் கோடையிலும் அது பசுமையாக நிற்கிறது.

விபசித்து முனிவர் விருத்தாசலம் கோயில் திருப்பணி செய்தபோது, வேலையாட்களுக்குக் கூலியாக வன்னி இலைகளைக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைத்த அளவுக்கு ஏற்ப அவ்விலைகள் பொன்னாக மாறின என்றும் எங்கள் ஊர்ப் பாட்டிமார் சொல்லும் ஸ்தல புராணத்தை அன்று கிழவருக்கு, எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். அவர் வெகுநேரம் தலையை ஆட்டிவிட்டு, பதிலுக்கு ஜோத்பூருக்கு அருகிலுள்ள கேஜ்ரலி கிராமத்தின் சரித்திரத்தைச் சொன்னார். 1730-ஆம் ஆண்டு, ஜோத்பூர் மன்னனின் அரண்மனைக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டி, ஆட்கள் வன்னி மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பிஷ்னோய்ப் பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர்விட்டாள். அவளைப் பின்பற்றி அவ்வாறே மடிந்தவர்களையும் சேர்த்து 363 பேர் அங்கே மாண்டார்கள். செய்தி கேட்ட மன்னன் மரம் வெட்டுவதை நிறுத்தினான். அதன் பிறகு எங்கள் போஸ்டில் குளிருக்கு விறகு பொறுக்கப் போகும்போது, பச்சை வன்னியில் யாரும் கத்தி வைத்ததில்லை.

அவ்வருஷத்துப் பொங்கலுக்குப் பால் கொடுத்தவர்களும் அந்த டாணிக்காரர்களே. தென்னாட்டுப் பையன்கள் சிலர் சேர்ந்து, லங்கர் அரிசியிலும் வெல்லத்திலும் ஆட்டுப்பாலை விட்டுப் பொங்கவைத்தோம். டாணிக்கு வந்திருந்த மாங்கணியார் பாடகர் ஒருவர் கமாய்சா வாத்தியத்தை மீட்டி எங்களுக்காகப் பாடினார். முஸ்லிம்களாகிய மாங்கணியார்கள் தலைமுறை தலைமுறையாக ஹிந்துக் குடும்பங்களின் கல்யாணத்திலும் பிள்ளைப்பேற்றிலும் பாடி வாழ்கிறவர்கள். அந்த வாத்தியத்தில் தேர்ந்த ஹமீரா கிராமத்து ஸாகர் கான் 2012-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மணலை அறிந்தவனும் அறியாதவனும்

எங்கள் போஸ்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் லோங்கேவாலா இருந்தது. 1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் பஞ்சாப் ரெஜிமெண்டின் 23-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கம்பெனி, ஏறக்குறைய 120 பேர், 40-க்கு மேற்பட்ட டாங்கிகளோடு வந்த 2,000-க்கும் அதிகமான எதிரிகளை விடியும்வரை தடுத்து நிறுத்திய இடம் அது. விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து கிளம்பிய ஹண்டர் விமானங்கள் டாங்கிகளை ஒவ்வொன்றாக அழித்தன. வீரத்துக்கு நிகராக மணலும் அன்று நம் பக்கம் நின்றது. நிலத்தின் இயல்பை ஆராயாமல் இரவில் விரைந்து வந்த எதிரியின் வாகனங்கள் நெகிழ்ந்த மணலில் புதைந்து, நகரவும் விரியவும் மாட்டாமல் சிக்கிக்கொண்டன. அந்தப் போரில் பஞ்சாப் வீரர்களோடு தோள் கொடுத்து நின்றவர்களுள் எங்கள் படையைச் சேர்ந்த பைரோன் சிங்கும் ஒருவர். ஜோத்பூர்ப் பக்கத்துப் பாலைக் கிராமத்தில் பிறந்த அவர் 2022 டிசம்பரில்தான் காலமானார். தனோட்டிலுள்ள மாதா கோயிலில், 1965 யுத்தத்தில் விழுந்தும் வெடிக்காத குண்டுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அக்கோயிலின் பூஜையும் நிர்வாகமும் எங்கள் படையின் பொறுப்பே; நானும் அங்கே மணி அடித்து ஆரத்தி எடுத்தவர்களோடு நின்று கும்பிட்டிருக்கிறேன்.

நிலத்தை அறிந்த மக்களின் துணையின்றிப் படைகள் தொலைதேசத்தில் நிற்க முடியாது என்பதை ஆஸ்திரேலியர்களும் கண்டார்கள். 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பார்கள் என்ற அச்சத்தில், அந்தக் கண்டத்தின் ஜன நடமாட்டமற்ற வடபகுதியைக் கண்காணிக்க அவர்கள் ஒரு தனிப் படையை அமைத்து, அதன் தலைமையை மேஜர் ஸ்டானர் என்ற மானிடவியல் அறிஞரிடம் ஒப்படைத்தார்கள். ஆதிக்குடிகளோடு வாழ்ந்து அவர்களைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். குதிரைமேல் நெடுந்தூரம் ரோந்து போன அவ்வீரர்களுக்கு நீரையும் வழியையும் காட்டியவர்கள் அந்த ஆதிக்குடிகளே.

இந்த உபகாரத்தை அரசாங்கங்கள் எளிதில் மறந்துவிடுகின்றன. அதே ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் மராலிங்கா என்ற இடத்தில், 1956 முதல் 1963 வரை பிரிட்டிஷார் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தினார்கள். யாரும் இல்லாத நிலம் என்று கருதப்பட்ட அது, உண்மையில் ஆதிக்குடிகள் பரம்பரையாக நடந்து திரிந்த பூமி. நம் தேசத்திலும் 1974 மே 18-ஆம் தேதியும், பின்னர் 1998 மே 11, 13 தேதிகளிலும் பொக்ரானில் அணுச் சோதனைகள் நடந்தன. இரண்டாம் முறை, அப்துல் கலாமும் ஆர். சிதம்பரமும் ராணுவ உடுப்பில் வேற்றுப் பெயர்களோடு அங்கே பணி செய்தார்கள் என்பதை நாம் தமிழர் என்ற முறையில் பெருமையோடு பேசுகிறோம். நியாயமான பெருமைதான். ஆனால் அன்று வீட்டைவிட்டு வெளியே வந்து நிற்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்ட, பக்கத்துக் கேதோலாய் கிராமத்து ஜனங்களையும் அந்தப் பெருமையில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

மாறிய பூமி

நான் பணியிலிருந்த காலத்திலேயே அந்தப் பூமி மாறத் தொடங்கிவிட்டது. 1958-இல் பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து தொடங்கிய பெருங்கால்வாய், ஊட்டுக்கால்வாயையும் சேர்த்து 649 கிலோமீட்டர் ஓடி, 1987-இல் ஜெய்சல்மேர் ஜில்லாவின் மோகன்கட்டை எட்டிற்று. இந்திரா காந்தியின் பெயரைத் தாங்கிய அந்தக் கால்வாயின் நீரைக் கண்டு முதியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். 1990-களில் வேலி வந்தது, விளக்குகள் வந்தன. ஊடுருவல் குறைந்தது, எங்கள் வேலையும் ஓரளவு லேசாயிற்று.

நன்மைகளோடு நஷ்டங்களும் வந்தன. கால்வாய் பாய்ந்த இடங்கள் பலவற்றில் அதே ஜிப்சப் படுகையின்மேல் நீர் தேங்கி நிலம் உவர்ப்பேறியது. குழாய்நீர் வந்ததும் பேரிகளைத் தூர் வாருவோர் குறைந்தார்கள். சேவண் புல்வெளிகளில் நாங்கள் ரோந்து போகும்போது கம்பீரமாக நடந்துபோகும் கானமயில், இன்று உலகம் முழுவதிலும் இயற்கைச் சூழலில் நூற்றைம்பதுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. முற்காலத்தில் தமிழகத்திலும் வாழ்ந்த பறவை அது. இங்கே அழிந்ததை அங்கேயாவது காப்பாற்ற வேண்டும்.

பகியின் வித்தைக்கும் இதே கதிதான் நேரிடும்போலிருக்கிறது. இரவிலும் பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன; இளைஞர்கள் நகரங்களுக்குப் போகிறார்கள். மணலைப் படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை கண்மூடுவதற்குள், அவர்கள் அறிந்ததை எழுதிவைக்க வேண்டியது அவசியம். எல்லைப் பகுதி அபிவிருத்தித் திட்டம் 1986-87-இல் தொடங்கியதிலிருந்து, சாலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் செலவாகிறது, நல்ல காரியம். அதோடு, ஒவ்வொரு யுத்த நினைவுச் சின்னத்திலும், வீரர்களின் பெயர்களுக்கு அருகிலேயே, வழிகாட்டிகளாகவும் நீர் கொடுத்தவர்களாகவும் நின்ற கிராமவாசிகளின் பெயர்களையும் பொறிக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. நன்றியுணர்வு ஒன்றே வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் படையில் சேருமுன் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். ஓட்டத்தையும் உயரத்தாண்டலையும் பற்றி அவர்களுக்கு வேறு பலர் சொல்லித் தருகிறார்கள். நான் சொல்வது வேறு. எந்த எல்லைக்குப் போனாலும், முதல் மாதத்திலேயே அங்குள்ள கிராமத்தாரின் பாஷையைக் கற்றுக்கொள். உன் படிப்பையும் உடுப்பையும் வைத்து அவர்களை அளக்காதே. அவர்கள் கிணற்றில் நீர் எடுக்குமுன் அனுமதி கேள். உன் அதிகாரி கொடுக்கும் வரைபடத்தோடு, அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் சொல்வதையும் சேர்த்துப் படி. விடுமுறையில் ஊருக்கு வரும்போது, இருபது சென்டிமீட்டர் மழையில் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை நம் ஜனங்களுக்குச் சொல். அதைப்போல் பல மடங்கு மழை பெய்தும், குளத்தைத் தூர்த்துவிட்டுக் கோடையில் குடத்தோடு அலையும் நமக்கு அந்தப் பாடம் அவசரமாகத் தேவைப்படுகிறது. இவ்வளவையும் செய்தால், நீ காவலனாக மட்டுமல்லாமல், நீ காக்கும் ஜனங்களின் மாணாக்கனாகவும் இருப்பாய். அப்படிப்பட்டவன் நிற்கும் எல்லையே உறுதியான எல்லை.